மன்னார்ச் சுழியோடி

தன் புருஷனைக் குளிர் ஏரிக்குள் இறக்கிவிட வேண்டும் என்று மேரிகிறேஸ் ஒருநாளும் நினைக்கவில்லை. அவன் கரையில் நிற்க வேண்டும், நாலு பேருக்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு நீந்தத் தெரியாது" என்று ஒரு தரம் சொல்ல வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஸ்ரனிஸ்லாஸ் மன்னாரில் பன்னிரண்டு வருஷம் பஸ் ஓட்டியவன். இரண்டு பக்கமும் கடல் கிடக்க நடுவால் போகிற பாலத்து வீதியில் நாளைக்கு நாலு தரம் போய் வருவான். அந்தக் கடலை அவன் பஸ் கண்ணாடியூடாகத்தான் பார்த்திருக்கிறான். குளிப்பு முழுக்கு எல்லாம் கிணற்றடியில், வாளியால் அள்ளி.

எண்பத்தைந்தாம் ஆண்டு இரண்டு பேரும் டென்மார்க்கில் வந்து இறங்கியபோது, பதிவு செய்த கந்தோரில் ஒரு பெண், "ஊரில் என்ன வேலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் "ட்றைவர்" என்றான். அன்றைக்கு அவனுக்கு நல்ல தடிமன். மூக்கடைப்போடு வந்த சொல் அவள் காதில் "டைவர்" என்று விழுந்தது. மன்னாரைச் சுவர்ப் படத்தில் காட்டச் சொன்னாள். சுற்றிவரக் கடல். அவளுக்கு ஒரு துளி ஐமிச்சமும் வரவில்லை. "டுக்கர்" என்று எழுதி வைத்தாள். டெனிஷ் மொழியில் அதற்குச் சுழியோடி என்று அர்த்தம்.

அந்தச் சொல் கோப்போடு சேர்ந்து, அவர்களைக் குடியமர்த்திய சில்க்போர்க் பட்டினம் வரைக்கும் வந்துவிட்டது. மொழி வகுப்பில் ஆசிரியை அவனை எழுப்பி நிறுத்தி, "இவர் இந்து சமுத்திரத்தில் சுழியோடியவர்" என்று அறிமுகப்படுத்தினாள். மற்றவர்கள் கமக்காரன், கிளாக்கர், மாணவன் என்று ஒரு வரியில் முடிந்துபோக, இவனுக்கு மட்டும் கேள்வி மேல் கேள்வி. திருத்திச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அப்போது அவனிடம் இருந்த டெனிஷ் சொற்கள் மொத்தம் நாற்பது. அந்த நாற்பதுக்குள் "சுறா" இருந்தது, "பிழை" இருக்கவில்லை.

தளபாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்த பிறகு கதை இன்னும் தடித்தது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் முதலில் சங்கு வந்தது, பிறகு முத்து வந்தது, மாரிகாலம் தொடங்குவதற்குள் சுறாவோடு கத்திச் சண்டையும் வந்துவிட்டது.

"ஏனப்பா உந்தப் புளுகு?" என்று மேரிகிறேஸ் கேட்டாள்.

"நான் எங்கை புளுகினனான்? அவங்கள் கேக்கிறாங்கள், நான் ஓம் எண்டுறன். பாவம், இருட்டுக்கையும் பனிக்கையும் கிடக்கிற சனம். கொஞ்சம் சந்தோஷப்படட்டுமன்."

அவளும் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு வயோதிபர் இல்லத்தின் குசினியில் வேலை. காது கேளாத கிழடுகளோடு நாள் முழுக்கக் கத்திக் கதைத்ததில் அவளுடைய டெனிஷ் அவனுடையதைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. ஊர்ப் புதினங்கள் எல்லாம் அவளுக்கு அங்கேதான் வந்து சேரும்.

எண்பத்தாறு பெப்ரவரியில் ஒரு நாள், கோப்பி நேரத்தில், அதே இல்லத்தில் கிழவர்களைப் பராமரிக்கிற பிர்கிட் அவளுடைய தோளை அன்பாகத் தடவினாள்.

"உனக்குத் தண்ணீர் என்றால் அவ்வளவு பயமாமே? முழங்கால் அளவு தண்ணீரைக் கண்டாலே அழுவாயாம். உன் கணவர்தான் உன்னைத் தோளில் சுமந்துகொண்டு கடலைக் கடந்தாராம். பிறேபன் வந்து சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது."

பிறேபன் பிர்கிட்டின் புருஷன். தொழிற்சாலையில் இயந்திரம் திருத்துகிறவன். ஊரில் உள்ள சுழியோடிகள் கழகத்துக்குத் தலைவனும் அவன்தான்.

மேரிகிறேஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் மன்னார்த் தீவின் பேசாலைக் கடற்கரையில் பிறந்தவள். பதினொரு வயது வரைக்கும் தமையன்மாரோடு வள்ளத்தின் முன்னணியத்திலிருந்து குதித்து நீந்தியவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, கரையில் நின்ற ஸ்ரனிஸ்லாசின் சப்பாத்தில் ஒரு சின்ன அலை பட, அந்த மனுஷன் மூன்றடி பின்னால் துள்ளியதைத் தன் இரண்டு கண்ணாலும் கண்டவள். சுறாவை அவள் பொறுத்துக்கொண்டாள், முத்தையும் பொறுத்துக்கொண்டாள். இதைப் பொறுக்க அவளால் முடியவில்லை.

"பிர்கிட்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "உனக்கு ஒரு விஷயம் சொல்லட்டா? அவர் வெளியில் சிரிக்கிறார். வீட்டில் அழுகிறார். தண்ணீரை விட்டுப் பிரிந்த ஏக்கம். பிறேபன் கூப்பிட்டால் முதுகு நோ, காது நோ என்று சாட்டுச் சொல்வார். அதெல்லாம் கூச்சம். விடாமல் கேட்கச் சொல்லு."

அன்றைக்கு இரவே கதவு மணி அடித்தது. பிறேபன் ஒரு பெட்டி கேக்கோடு நின்றான். ஆறடி உயரம், தாடி, ஒரு விஷயத்தைச் சொல்ல முதல் அதை மனத்துக்குள் ஒழுங்காக அடுக்குகிற மனுஷன். ஆடி மாதம் கழகம் நோர்வேக்குப் போகிறது, அங்கே உயர மலைகளில் உள்ள ஏரிகளில் இறங்கப் போகிறார்கள், ஸ்ரனிஸ்லாஸ் கட்டாயம் வர வேண்டும் என்றான். செலவெல்லாம் கழகத்தினுடையது. அதற்கு முதல் பழகிக்கொள்ள இங்கேயே பக்கத்தில், ஹிம்மல்பியர் மலையடியில் உள்ள ஏரியில் ஒரு தரம் இறங்கிப் பார்க்கலாம்.

ஸ்ரனிஸ்லாஸ் கேக் துண்டை வாயில் வைத்தபடி மனைவியைப் பார்த்தான். அவள் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேர் கிறேஸ், எனக்குத் தபசுகாலம் எண்டு சொல்லு. எங்கடை சமயத்திலை தபசுகாலத்திலை சுழியோடக் கூடாது எண்டு சொல்லு."

அவள் திருப்பிச் சொன்னாள்: "இப்போது எங்களுக்குத் தபசுகாலம், நோன்பு நாட்கள். அது பாஸ்காப் பெருநாளோடு முடியும். அதற்குப் பிறகு எந்த நாளும் அவருக்குச் சரியாம்."

பிறேபன் எழுந்து ஸ்ரனிஸ்லாசின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

பாஸ்கா வரைக்கும் ஸ்ரனிஸ்லாசுக்கு ஐந்து கிழமை கிடைத்தது. அந்த ஐந்து கிழமைக்குள் அவனுக்கு ஒரு பல் வலித்தது, ஒரு கால் சுளுக்கியது, கனவில் செத்துப்போன மாமன் வந்து தண்ணீர்ப் பக்கம் போகாதே என்றார். ஒவ்வொன்றையும் மேரிகிறேஸ் பக்குவமாகப் பிர்கிட்டுக்கு எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றையும் பக்குவமாக இல்லாமலும் ஆக்கினாள். நடுவில் ஒரு நாள் பிறேபன் அவனை நீச்சல் மண்டபத்துக்குக் கூட்டிப்போய், கருவிகளைப் பூட்டி, நெஞ்சளவு தண்ணீரில் தலையை அமிழ்த்திப் பார்க்கச் சொன்னான். ஸ்ரனிஸ்லாஸ் சுவர்க் கம்பியைப் பிடித்தபடி ஐந்து நிமிஷம் தண்ணீருக்குள் குந்தியிருந்தான். கை அசையவில்லை, கால் அசையவில்லை, கண் இமையும் அசையவில்லை. பயத்தில் விறைத்துப்போனதைப் பிறேபன் வேறு விதமாக விளங்கிக்கொண்டான்.

"இருபது வருஷமாகப் பழக்குகிறேன். இப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை," என்று பிர்கிட்டிடம் சொன்னானாம்.

மேரிகிறேஸ் இதைக் கேட்டு அன்றைக்கு முழுக்க உருளைக்கிழங்கு உரித்தபடியே சிரித்தாள். எப்படியும் ஏரிக்கரையில் ஆள் பிடிபடும். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

அந்த வருஷம் ஏரியில் பனிக்கட்டி உடைய மார்ச் கடைசியாகிவிட்டது. ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் காலை பத்து மணிக்கு நாலு பேரும் பிறேபனின் வான் வண்டியில் போய் இறங்கினார்கள். மரத்தாலான ஒரு இறங்குதுறை, கறுத்த தண்ணீர், அக்கரையில் இன்னும் இலை விடாத மரங்கள்.

ஸ்ரனிஸ்லாஸ் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான். "மலை எங்கை?"

பிறேபன் பெருமையோடு கையை நீட்டிக் காட்டினான். மரங்களுக்கு மேலால் ஒரு மேடு தெரிந்தது. அதன் தலையில் ஒரு கோபுரம்.

"அதோ? அது மண் திட்டியெல்லோ?"

"வானத்து மலை எண்டு அதுக்குப் பேர்," என்றாள் மேரிகிறேஸ். "நூற்று நாற்பத்தேழு மீற்றர். சிரியாதேங்கோ, மனுஷனுக்குக் கோவம் வரும்."

பிறேபன் சிவப்பு மட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்தான். மலையேரிகளில் இறங்குகிறவர்களுக்கான விதிகள். அவனுக்கு அதெல்லாம் மனப்பாடம். என்றாலும் வாசித்துத்தான் சொல்லுவான். ஸ்ரனிஸ்லாசின் டெனிஷ் இதற்குக் காணாது என்பதால் மேரிகிறேஸ்தான் மொழிபெயர்க்க வேண்டும். இரண்டு ஆண்களும் தடித்த கறுப்பு ரப்பர் உடுப்புக்குள் நின்றார்கள். ஸ்ரனிஸ்லாசின் முகம் மட்டும் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"தண்ணீர் ஐந்து பாகை," என்றான் பிறேபன். "முகத்தில் பட்டவுடன் மூச்சு உன் சொல் கேளாது. ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள். அது தானாக அடங்கும்."

அவள் அதை அப்படியே சொன்னாள். ஸ்ரனிஸ்லாஸ் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினான்.

"அடிச் சேற்றைக் காலால் கிளறாதே. கிளறினால் உன் கையே உனக்குத் தெரியாது. கையுறை போட்டாலும் பத்து நிமிஷத்தில் விரல் மரத்துப்போகும். பிறகு கொளுக்கியைக் கூடக் கழற்ற முடியாது. அதற்கு முதலே ஏறிவிடுவோம்."

அதையும் சொன்னாள். மறுபடியும் தலையாட்டல். மேரிகிறேசுக்கு மெல்ல ஆத்திரம் ஏறியது. இவ்வளவு கேட்டும் ஆள் அசையவில்லையே!

"உயர மலைகளில் காற்று இலேசு," என்று பிறேபன் ஒரு பக்கத்தைப் புரட்டினான். "அங்கே ஆழத்திலிருந்து ஏறும்போது இரத்தத்தில் குமிழி கட்டுகிற ஆபத்துக் கூட. நோர்வேயில் நேரக் கணக்கை மாற்ற வேண்டும். இந்த ஏரி கடல் மட்டத்திலிருந்து இருபது மீற்றர்தான். ஆகவே இன்றைக்கு அந்தக் கவலை இல்லை."

"ரத்தம் சோடாப் போத்தில் மாதிரிப் பொங்குமாம்," என்றாள் மேரிகிறேஸ். கவலை இல்லை என்ற பகுதியை விழுங்கிவிட்டாள்.

ஸ்ரனிஸ்லாசின் தலை கொஞ்சம் மெதுவாக ஆடியது. அதைக் கண்டு அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்த ஏரியிலை ஒரு மீன் இருக்காம். ஒரு ஆள் நீளம். மினுங்கிற சாமானைக் கண்டால் பாயுமாம். போன வருஷம் ஒருத்தற்றை தங்கப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போட்டுதாம்."

ஸ்ரனிஸ்லாசின் இடது கடைவாயில் ஒரு தங்கப் பல் இருந்தது. நாக்கு அந்தப் பக்கம் போவது கன்னத்தில் தெரிந்தது. பிறகு அவன் பிறேபனைப் பார்த்தான். பிறேபன் அப்போது வாய் திறக்கவே இல்லை. புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தான். ஸ்ரனிஸ்லாசின் கண் சுருங்கியது.

"எடியே, நீ புளுகிறாய்."

"நானோ?"

"நீதான். அந்தாள் கதைக்கவே இல்லை, உனக்கு மீன் வந்திட்டுது. அப்ப சோடாப் போத்திலும் புளுகு, விரலும் புளுகு. என்னை வெருட்டப் பாக்கிறாய்!"

அந்த நேரம் பார்த்துத்தான் பிறேபன் தேடிய பக்கத்தைக் கண்டுபிடித்தான். விரலை நிமிர்த்தினான்.

"இதுதான் முக்கியம். குளிரில் இந்த மூச்சுக் கருவிக்குள் பனி கட்டலாம். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இன்னும் கெதியாகக் கட்டும். கட்டினால் காற்று நிற்காமல் பீறிட்டு அடிக்கும், சிலிண்டர் கொஞ்ச நேரத்தில் வெறுமையாகிவிடும். பயப்படாதே, நான் உன் கையை விடமாட்டேன், இருவரும் மேலே வருவோம். ஆனால் வரும்போது மூச்சை அடக்காதே. ஒருபோதும் அடக்காதே. ஊதிக்கொண்டே வா. அடக்கினால் நுரையீரல் கிழியும்."

மேரிகிறேஸ் இந்த முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் கேட்டுச் சிரித்தான்.

"ஓமோம். நுரையீரல் கிழியும். மீன் வந்து தைச்சு விடும்."

"இஞ்சேருங்கோ, இது மெய். அவர் சொன்னது."

"மீனும் மெய்தான்."

"மாதாவாணை மெய்யப்பா! மூச்சை மட்டும் அடக்காதேங்கோ!"

அவன் அவளை ஒரு தரம் நேராகப் பார்த்தான். சொல்லப் போகிறான், இதோ சொல்லப் போகிறான் என்று அவளுக்கு நெஞ்சு அடித்தது. அந்தப் பரபரப்பில் அவளை அறியாமல் உதட்டில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. அவன் அந்தச் சிரிப்பைக் கண்டான். முகக் கண்ணாடியை இழுத்து மாட்டினான், மூச்சுக் கருவியைக் கடித்தான், பிறேபனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏணியால் இறங்கினான். ஒரு படி, இரண்டு படி. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. இரண்டு கறுப்புத் தலைகளும் அமிழ்ந்தன.

இறங்குதுறையில் பிர்கிட் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கயிற்றின் மறு நுனி ஸ்ரனிஸ்லாசின் இடுப்பில். கீழே இருந்து ஒரு தரம் இழுத்தால் நலம், பல தரம் இழுத்தால் ஆபத்து. தண்ணீர்மேல் இரண்டு இடத்தில் குமிழி வந்தது. ஒன்று ஆறுதலாக, விட்டு விட்டு. மற்றது அவசரம் அவசரமாக.

"மூன்று மீற்றர்," என்றாள் பிர்கிட் கயிற்று முடிச்சைப் பார்த்து. "ஐந்து. உன் கணவர் வேகமாக மூச்சு விடுகிறார்."

மேரிகிறேஸ் துறை விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தாள். வேகமாக மூச்சு வாங்கினால் என்ன நடக்கும் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவள்தான் தன் வாயால் சொன்னாள். பகிடி என்று தொடங்கியது எந்த இடத்தில் பகிடி இல்லாமல் போனது? அந்த மனுஷன் பஸ் ஓட்டுகிறவன். அவனைத் தண்ணீருக்குள் அனுப்பியது சுறாவும் இல்லை, முத்தும் இல்லை. அவள்.

"கூப்பிடு அவர்களை. மேலே வரச் சொல்லு. அவருக்குச் சுழியோடத் தெரியாது, பிர்கிட். நீந்தவும் தெரியாது!"

"என்ன?"

பிர்கிட் திரும்பிக் கேட்டு முடிக்கவில்லை, தண்ணீர் உலைப்பானை மாதிரிக் கொதித்தது. வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள், இரைச்சலோடு. கயிறு இரண்டு தரம், மூன்று தரம், பத்துத் தரம் இழுபட்டது.

மேரிகிறேஸ் யோசிக்கவில்லை. மாரிக்கோட்டோடும் சப்பாத்தோடும் குதித்துவிட்டாள்.

பேசாலைக் கடலில் நீந்திய கையும் காலும் அவளுக்கு ஞாபகம் இருந்தன. ஆனால் இது அந்தத் தண்ணீர் இல்லை. நெஞ்சில் யாரோ பலகையால் அடித்த மாதிரி இருந்தது. மூச்சு உள்ளே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. வெளியே வர மறுத்தது. கத்த வாய் திறந்தால் தண்ணீர் புகுந்தது. கோட்டு ஈயமாகக் கனத்தது. ஏணி இரண்டு முழத்தில்தான் இருந்தது. கையை நீட்டினாள். விரல் அவளுடையது மாதிரியே இல்லை. கம்பியில் பட்டும் மடங்கவில்லை. பிறேபன் புத்தகத்தைப் பார்த்து வாசித்ததெல்லாம் ஒவ்வொரு வரியாக அவளுடைய உடம்பில் நடந்தது.

பின்கழுத்தில் ஒரு இழுவை. பிர்கிட் குப்புறப் படுத்துக்கொண்டு அவளுடைய கோட்டுக் கழுத்தைப் பிடித்திருந்தாள். கிழவர்களைக் கட்டிலில் தூக்கிக் கிடத்திப் பழகிய கை. ஏணிப் படியில் அவளைக் கொளுவி வைத்துவிட்டு, "அசையாதே!" என்று அதட்டினாள்.

அதே நேரம் ஏழெட்டு மீற்றர் தள்ளிப் பிறேபனின் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அடுத்து ஸ்ரனிஸ்லாசின் தலை. மூச்சுக் கருவி வாயில் இல்லை. வாய் முழுசாகத் திறந்திருந்தது. உள்ளே தொடங்கிய குளறல் மேலே வந்தும் முடியவில்லை.

"...தாவேஏஏஏ!"

ஏரியின் அக்கரை வரைக்கும் அது கேட்டது. இரண்டு வாத்துகள் எழும்பிப் பறந்தன.

பிறேபன் அவனை இழுத்துக்கொண்டு வந்து ஏணியில் சேர்த்தான். ஸ்ரனிஸ்லாஸ் ஒரு கையால் கம்பியைப் பிடித்தான், அப்போதுதான் பக்கத்தில் கோட்டோடு தொங்கிக்கொண்டிருந்த மனைவியைக் கண்டான்.

"நீ என்னத்துக்கு உள்ளுக்கு?" என்றான் பல் கிடுகிடுக்க.

"உங்களைத் தூக்க," என்றாள் அவளும் பல் கிடுகிடுக்க.

வானுக்குள் சூட்டு விசிறி முழு வேகத்தில் சுற்றியது. இரண்டு பேரையும் கம்பளியால் சுற்றி அருகருகே இருத்தி, பிர்கிட் இனித்த தேத்தண்ணியைச் சின்னச் சின்ன மிடறாகக் குடிக்க வைத்தாள். பிறேபன் வெளியே நின்று மூச்சுக் கருவியைத் தட்டினான். அதற்குள்ளிருந்து ஒரு பனித்துண்டு அவன் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கதவடிக்கு வந்தான்.  

"ஏறும்போது மூச்சை அடக்கினாயா?"

"இல்லை."

"நிச்சயமாக? நாங்கள் ஏறிய வேகம் பெரும் பிழை. ஏழு மீற்றரிலிருந்து. என்ன செய்தாய்?"

ஸ்ரனிஸ்லாஸ் மனைவியைப் பார்த்தான். "குளறினன் எண்டு சொல்லு. மடு மாதாவைக் கூப்பிட்டனான். கீழையிருந்து மேலை வரும்வரைக்கும் ஒரே மூச்சிலை."

அவள் சொன்னாள். பிறேபன் அவள் பக்கம் திரும்பினான்.

"அதுதான் அவரைக் காப்பாற்றியது," என்றான். "கத்திக்கொண்டு வந்தால் காற்று வெளியே போகும். அடக்கியிருந்தால் இப்போது நான் ஒரு பிரேதத்தோடு நின்றிருப்பேன். இதற்கு முதல் எத்தனை தரம் இறங்கியிருக்கிறார்?"

இந்த முறை ஸ்ரனிஸ்லாஸ் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. தானே டெனிஷில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னான்: "நான் பஸ் ட்றைவர். நீந்தத் தெரியாது. மன்னிக்கவும்."

பிறேபன் அப்படியே புல்லில் இருந்துவிட்டான். அவன் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போடவில்லை. முகம் வெள்ளைச் சீலையாகிவிட்டது. அதைக் காணப் பொறுக்காமல் மேரிகிறேசும் கம்பளிக்குள்ளிருந்து தன் பங்கை ஒப்புவித்தாள்: ஏக்கம் என்று பிர்கிட்டிடம் சொன்னது, பல் வலியையும் கால் சுளுக்கையும் கூச்சம் என்று தட்டிக்கழித்தது, தங்கப் பல் மீன் எல்லாம். மீன் இடத்தில் பிர்கிட்டுக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கப் போய் இருமினாள். பிறேபன் சிரிக்கவில்லை.

"நீங்கள் இரண்டு பேரும் விளையாடினீர்கள்," என்றான். "ஆனால் பெரிய முட்டாள் நான். ஒரு சான்றிதழும் கேட்கவில்லை. ஒரு நீச்சலும் பார்க்கவில்லை. முத்துக் குளிக்கிற மனுஷன் என் கழகத்துக்கு வருகிறார் என்று கழகச் செய்தித்தாளில் எழுதிவிட்டேன். அந்தப் பெருமையில் கண் தெரியவில்லை."

நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட்டினான். டொக்டர் ஸ்ரனிஸ்லாசின் நெஞ்சை முன்னும் பின்னும் கேட்டார், படம் எடுத்தார், பின்னேரம் வரைக்கும் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று அனுப்பினார். தொண்டை மட்டும் நாலு நாளுக்குக் கட்டிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து சுடச்சுட ரசம் குடித்தபோது மேரிகிறேஸ் கேட்டாள்: "ஏனப்பா இறங்கினீங்கள்? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நீ சிரிச்சாய்." அவனுடைய கட்டைக் குரல் கீச்சென்று வந்தது. "சப்பாத்து நனைஞ்ச அண்டைக்கும் இப்பிடித்தான் சிரிச்சனி. பதினொரு வருஷமாய் உனக்கு நான் ஒரு பயந்தாங்கொள்ளி. ஒரு நாளைக்கெண்டாலும் நீ வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறதைப் பாக்கோணும் எண்டு இருந்திது."

 அவள் எழுந்து இன்னொரு அகப்பை ரசம் ஊற்றினாள். "பிளந்துகொண்டுதான் நிண்டனான்," என்றாள் கொஞ்சம் பொறுத்து. "வாய்க்கை தண்ணி போகும் வரைக்கும்."

பிறேபன் கோபம் ஆறுவதற்கு மூன்று கிழமை எடுத்தது. நோர்வேப் பயணத்துக்கு மற்றவர்களோடு போவதாகவும், இவர்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு செவ்வாயும் நீச்சல் மண்டபத்துக்கு வந்து ஆழமில்லாத பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றும் பிர்கிட் மூலமாகச் சொல்லியனுப்பினான். அது அழைப்பு இல்லை, கட்டளை. போனார்கள்.

வைகாசியில் கோல்டிங் பட்டினத்தில், ஊர்க்காரன் செல்வரட்ணத்தின் மகளுக்கு ஞானஸ்நானம். பழைய காரில் ஸ்ரனிஸ்லாஸ் இரண்டு மணித்தியாலம் ஓட்டிக்கொண்டு போனான். போய் இறங்க முதலே கதை போய் இறங்கியிருந்தது. பனிக்கட்டிக்குக் கீழே ஒரு மணித்தியாலம் நின்றதாகவும், ஒரு வெள்ளைக்காரனைத் தூக்கிக்கொண்டு வந்ததாகவும் அங்கே கேள்வி.

"அண்ணை, ஒருக்கால் சொல்லுங்கோவன்," என்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ் கோப்பையை வைத்தான். நடந்ததை நடந்த மாதிரியே சொன்னான். நீந்தத் தெரியாததைச் சொன்னான், குளறியதைச் சொன்னான், வாத்து எழும்பியதைக் கூடச் சொன்னான். மேரிகிறேஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.  அவன் முடித்ததும் குருசுமுத்து என்கிற பெரியவர் மேசையில் தட்டினார்.

"பாத்தீங்களோ? உண்மையான கெட்டிக்காரன் ஒருநாளும் தன்ரை வாயாலை சொல்லான்!"

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். ஸ்ரனிஸ்லாஸ் எவ்வளவு தலையாட்டி மறுத்தானோ, அவ்வளவுக்கு அவனுடைய அடக்கம் பெரிதாகிக்கொண்டு போனது. போதாக்குறைக்குச் செல்வரட்ணம் அவனை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்குள் கெஞ்சுவதையும் அவள் கண்டாள்.

திரும்பி வரும் வழியில் ஸ்ரனிஸ்லாஸ் தலையைச் சொறிந்துகொண்டே காரை ஓட்டினான். வீதியின் இரண்டு பக்கமும் மஞ்சள் பூத்த வயல்கள்.

"செல்வரட்ணம் மீன் பிடிக்கப் போய்க் கலியாண மோதிரத்தைத் துறைமுகத்துக்கை விழுத்திப்போட்டானாம்," என்றான் கடைசியில். "மனிசிக்குத் தெரியாதாம். நான் இறங்கி எடுத்துத் தரோணுமாம். மாட்டன் எண்டால் விடுறானில்லை. இப்ப என்ன செய்யிறது?"

"அதொண்டும் செய்யத் தேவையில்லை. அவன் கெஞ்சினது வாசலிலை நிண்ட எனக்கும் கேட்டுது, நேரை குசினிக்குப் போய் அவன்ரை மனிசி பவளராணியைப் பிடிச்சனான். மோதிரம் எங்கை கிடக்குதெண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன்."

"ஐயோ! ஏனடி?"

"தெரிஞ்ச பிறகு அதை ஒளிச்செடுக்க ஒரு ஆள் இறங்கத் தேவையில்லையே. அவள் புது மோதிரம் வாங்குவிக்கப் போறாளாம். தனக்கும் சேர்த்து."

ஸ்ரனிஸ்லாஸ் காரை ஓரமாக நிறுத்தினான். இந்நேரம் செல்வரட்ணத்தின் வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தான் போல. முதலில் தோள் குலுங்கியது, பிறகு ஸ்ரியறிங் சக்கரத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். பின்னால் வந்த பாரவண்டிக்காரன் என்னவோ ஏதோ என்று வேகத்தைக் குறைத்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.